வள்ளத்தின் அடிப்பாகமும் கடலின் வற்றுப்பெருக்கும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (விடத்தல்தீவிலிருந்து ஒரு கடற்றொழிலாளர்): ஐயா, என்னிடம் 28 அடி நீளமான, உள் எஞ்சின் பூட்டிய பழைய மரப் படகு ஒன்று உள்ளது. அடிப்பாகம் முழுவதும் பாசியும், ஓடு கட்டி ஒட்டிக்கொள்ளும் கொட்டலசும் ஏறியதால் எண்ணெய்ச் செலவு கூடிவிட்டது. இங்கிலாந்தில் கடல் வற்றும்போது படகைத் தூணில் சாய்த்துக் கட்டி, தண்ணீர் திரும்பி வருவதற்குள் சுரண்டிக் கழுவிப் பூச்சும் பூசிவிடுகிறார்கள் என்று அங்கிருக்கும் என் மருமகன் சொல்கிறார், படமும் அனுப்பியிருக்கிறார். கரைக்கு இழுக்கும் கூலி எனக்குக் கட்டுப்படியாகாது. நாமும் அப்படிச் செய்யலாமா?

பதில்: உங்கள் மருமகன் சொன்னது உண்மைதான். ஆனால் அவர் பார்க்கும் கடல் வேறு, உங்கள் வாசலில் கிடக்கும் கடல் வேறு. இங்கிலாந்தின் மேற்குப் பக்கத்திலுள்ள பிரிஸ்டல் கால்வாயில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான நீர்மட்ட வேறுபாடு சில நாட்களில் 14 மீற்றர் வரை போகிறது. அவ்வளவு இல்லாத துறைகளிலும் பல மீற்றர் வேறுபாடு உண்டு. ஆதலால் பெருக்கில் தூணோடு கட்டிய படகு, வற்றில், படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராக்கட்டையின் அடிவரை வெளியே தெரிய, சில மணி நேரம் காய்ந்த நிலத்தில் நிற்கிறது. நம்முடைய கரையிலும் நாளொன்றுக்கு இரண்டு பெருக்கும் இரண்டு வற்றும் வருகின்றன, ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி வருகின்றன என்பதெல்லாம் ஒன்றுதான். ஆனால் நீர்மட்டம் ஏறி இறங்கும் அளவோ அரை மீற்றரைச் சுற்றியே இருக்கிறது. அமாவாசையிலும் பறுவத்திலும் அது சற்றுக் கூடும், அவ்வளவே. உங்கள் படகு குறைந்தது இரண்டரை அடி ஆழத்தில் மிதக்கும். அரை மீற்றர் வற்றி என்ன பயன்? பக்கவாட்டில் ஒரு முழம் தெரியும். ஏராவும் அதையொட்டிய பலகைகளும் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டு சுரண்டினால், உதிர்வது ஒவ்வொன்றும் விழுந்த கணத்திலேயே கடலோடு சேர்ந்துவிடும். அதைத் திரும்ப அள்ள எவராலும் முடியாது.

இன்னொன்றையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும். பாக்கு நீரிணையை ஒட்டிய நம்முடைய ஆழமற்ற களப்புக் கரைகளில், சந்திரனைவிடக் காற்றே பல நாட்களில் தண்ணீரை அதிகம் நகர்த்துகிறது. தென்மேற்குக் காற்றான சோளகம் விழுந்து திசை மாறினாலோ, வாடை திடீரென எழுந்தாலோ, வற்ற வேண்டிய நேரத்தில் தண்ணீர் ஏறி நிற்கும். என் இளமைக் காலத்தில் தந்தையாரின் வள்ளத்தைக் களப்போரத்தில் சாய்த்து வைத்து, மாலைக்குள் முடித்துவிடலாம் என்று நம்பிப் பூசத் தொடங்கினேன். பாதி பூசுவதற்குள் காற்று மாறியது. தண்ணீர் ஏறி, காயாத பூச்சின் மீது புரண்டது. மறுநாள் காலையில் கண்டல் வேர்களைச் சுற்றிச் செந்நிறப் படலம் ஒன்று ஒட்டிக் கிடந்ததைக் கண்டபோது ஏற்பட்ட வேதனை இன்றும் என்னிடம் இருக்கிறது. அதன் பிறகு நீர் எட்டும் இடத்தில் நான் தூரிகையைத் தொட்டதில்லை. பிறர் தொடுவதைக் கண்டால் சொல்லாமல் விட்டதுமில்லை.

உங்கள் ஊரின் இருப்பிடம் இந்த எச்சரிக்கையை மேலும் அழுத்தமாகச் சொல்ல வைக்கிறது. விடத்தல்தீவைச் சுற்றியுள்ள கண்டற்காடும் சேற்று வெளியும் கடற்புல் தரையும் 2016இல் இயற்கை ஒதுக்கமாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை. நீங்கள் பிடிக்கும் இறாலும் நண்டும் சிறு பருவத்தில் ஒதுங்கி வளரும் இடமும் அதுவே. ஒட்டுயிர்த் தடுப்புப் பூச்சில், கடைக்காரர் அன்டிபவுலிங் என்று தரும் அந்தப் பூச்சில், நச்சாக வேலை செய்வது பெரும்பாலும் செம்புச் சேர்மம்தான். செம்பு மக்கிப் போகும் பொருளன்று. சுரண்டி விழுத்திய பூச்சுத் தகடு சேற்றுக்குள் புதைந்து, அங்கிருந்தும் செம்பைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். கொட்டலசின் குஞ்சைக் கொல்வதற்கென்று செய்யப்பட்ட மருந்து, நண்டின் குஞ்சைப் பார்த்து ஒதுங்கிப் போகாது. இரண்டும் ஒரே இனவழி உயிர்கள்.

அப்படியானால் என்ன செய்வது? நமது சிறிய வற்றுப்பெருக்கு சுரண்டுவதற்குப் போதாது. ஆனால் படகை மேலேற்றுவதற்கு அது நல்ல துணை. அமாவாசையையோ பறுவத்தையோ ஒட்டிய நாளில், பெருக்கு உச்சத்தில் நிற்கும்போது, சேற்றுக் கரையைத் தவிர்த்து, இறுகிய மணற்கரை ஒன்றில் படகை எவ்வளவு மேலே மிதக்க விட முடியுமோ அவ்வளவு மேலே கொண்டுவந்து நிறுத்துங்கள். தண்ணீர் இறங்கியதும் பனங்குற்றிகளை அடியில் கொடுத்து, செயின் புளொக்கினால் மெல்ல மெல்ல இழுத்து, உயர்நீர்க் கோட்டுக்கு மேலே, அதாவது கரையில் சருகும் சாதாளையும் ஒதுங்கிக் கிடக்கும் வரிக்கும் மேலே, ஏற்றிவிடுங்கள். கூலி கட்டாது என்கிறீர்கள். அது நியாயமான கவலை. ஆயினும் உங்கள் துறையில் இதே நிலையில் உள்ள இரண்டு மூன்று படகுக்காரர்கள் ஒரே பறுவத்தில் ஒன்றாக ஏற்றி, ஒருவர் படகுக்கு மற்றவர்கள் கைகொடுத்தால் செலவு பங்காகும். செயின் புளொக்கும் தறப்பாளும் கடற்றொழிலாளர் சங்கத்தின் பொதுச் சொத்தாக இருந்தால் இன்னும் நல்லது. மேலே ஏறிய படகுக்கு அவசரம் இல்லை. தண்ணீர் திரும்பி வருகிறதா என்று பார்த்துப் பார்த்துப் பூச வேண்டியதும் இல்லை. ஈர மரத்தில் அவசரமாகப் பூசிய பூச்சு ஒரு பருவத்துக்குள் தோல் உரிவதுபோல் உரிந்து, அதே கூலியை மீண்டும் கேட்கும்.

ஏற்றியவுடன், ஈரம் காய்வதற்குள் சுரண்டத் தொடங்குங்கள். கொட்டலசு ஈரமாக இருக்கும்போது எளிதில் கழன்று வரும். காய்ந்துவிட்டால் அதன் சுண்ணாம்பு அடித்தட்டு கல்லைப்போல் பிடித்துக்கொள்ளும். ஈரத்தில் சுரண்டினால் நச்சுத் தூசியும் பறக்காது. ஆகவே வேலைக்கு எளிதானதும் உடலுக்கு நல்லதும் இங்கே ஒன்றாகவே அமைகின்றன. சுரண்டும் முன் படகின் இரு பக்கமும் தறப்பாளை அகல விரித்து, ஓரங்களை மடித்து உயர்த்தி, மடிப்புக்குள் மணல் மூட்டை வைத்து, குறிப்பாகக் கடற்பக்க ஓரத்தைச் சற்றுக் கூடுதலாக உயர்த்திவிடுங்கள். கழுவும் தண்ணீர் அந்த மடிப்புக்குள் தேங்கி, மண்டி அடியில் படியும். ஒவ்வொரு நாளும் இருட்டுவதற்கு முன் தறப்பாளைக் கூட்டி அள்ளிவிட வேண்டும். இரவில் எழும் காற்று, பகல் முழுவதும் பட்ட பாட்டை ஒரு நாழிகையில் கடலில் கொட்டிவிடும்.

சுரண்டி முடிந்ததும் நன்னீரால் கழுவுங்கள். உப்பு தங்கிய பலகையில் பூச்சு கொப்பளிக்கும். பிறகு மரம் நன்றாகக் காய விட்டு, கப்பல் புழு துளைத்த இடங்களைத் தட்டிப் பார்த்து, பழுதான பலகையை மாற்றி, இடுக்குகளைத் திரும்ப அடைத்த பின்னரே பூச்சுக்குப் போக வேண்டும். காலைப் பனி விலகிய பின் தொடங்கி, வெயில் உச்சிக்கு ஏறுமுன் நிறுத்துங்கள். மாசி, பங்குனி மாதங்கள் இதற்கு உகந்தவை; மாரி ஓய்ந்து, சோளகம் இன்னும் எழாத அமைதிக் காலம் அது. எஞ்சினையும் தண்டையும் அரிப்பிலிருந்து காக்கப் பூட்டியிருக்கும் துத்தநாகத் துண்டின் மீது எக்காரணம் கொண்டும் பூசாதீர்கள். பூசினால் அது வேலை செய்யாது. இரண்டு கைப் பூச்சுக்கு இடையிலும், கடைசிக் கைக்கும் கடலில் இறக்குவதற்கும் இடையிலும் எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று தகரத்திலேயே எழுதியிருக்கும். அதைக் கூட்டிக் குறைக்க வேண்டாம்.

வற்று நேரத்தில் கடலோரத்திலேயே செய்யக்கூடிய வேலை ஒன்றே ஒன்றுதான் உண்டு. நச்சுப் பூச்சு எதுவும் பூசாத படகில் படிந்த இளம் பாசியைத் தேங்காய்ப் பொச்சாலோ துணியாலோ மெல்லத் துடைப்பது. அப்போதும் சவர்க்காரத் தூளோ வேறு மருந்தோ சேர்க்கலாகாது. பழைய பூச்சு எஞ்சியிருக்குமோ என்ற ஐயம் இருந்தால், துடைக்கும்போது தண்ணீரில் சிவப்போ நீலமோ கலங்குகிறதா என்று பாருங்கள். கலங்கினால் அக்கணமே கையை எடுத்துவிட வேண்டும்.

கேள்வி (முல்லைத்தீவிலிருந்து ஒரு வாசகர்): நான் வைத்திருப்பது சிறிய கண்ணாடியிழை வள்ளம். அதிகாலையில் இறக்கி, மதியத்துக்குள் திரும்பி, மணலில் ஏற்றிவிடுவோம். இதற்கும் செம்புப் பூச்சு பூச வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். விலையோ மிக அதிகம். பூசாவிட்டால் வள்ளம் கெட்டுவிடுமா?

பதில்: பூச வேண்டியதில்லை. அந்தப் பணத்தை உங்கள் வலைக்குச் செலவிடுங்கள்.

கொட்டலசின் குஞ்சு தண்ணீரில் நீந்தித் திரிந்து, பிடித்த இடத்தில் ஒட்டி, ஓடு கட்டி வளர்வதற்குத் தொடர்ந்து ஈரம் வேண்டும். நாள்தோறும் மணலில் ஏறி வெயிலில் காயும் வள்ளத்தில் அது நிலைகொள்ள முடியாது. நாள் முழுதும் வாரம் முழுதும் தண்ணீரிலேயே நங்கூரமிட்டுக் கிடக்கும் படகுகளுக்காகச் செய்யப்பட்ட பூச்சு அது. மேலும், நீங்கள் ஒவ்வொரு நாளும் வள்ளத்தை மணலில் இழுப்பதால், பூசியது முதலில் தேய்ந்து போகும் இடம் உங்கள் இறங்குதுறையே. நச்சுச் செம்பு சேரும் இடமும் அதுவே.

கண்ணாடியிழை வள்ளத்துக்கு உண்மையில் வேண்டியது வேறு. அதன் மேல்தோலான பிசின் பூச்சில் கீறல் விழாமல் பார்ப்பதும், விழுந்த கீறலை உடனுக்குடன் அடைப்பதும்தான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. கீறல் வழியே தண்ணீர் உள்ளே இறங்கினால் இழைகள் ஊறிக் கொப்பளிக்கும். ஆகவே இரும்புத் தகட்டாலோ கத்தியாலோ சுரண்டாதீர்கள். மழுங்கிய மரத்துண்டோ காய்ந்த பனைமட்டையோ போதும். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பிறகும், 2009இன் பேரழிவுக்குப் பிறகு ஊர் திரும்பிய காலத்திலும், ஒரு வள்ளத்தைத் திரும்பப் பெற நம்மவர்கள் எவ்வளவு காத்திருந்தார்கள் என்பதை அறிந்தவன் நான். இருக்கிற வள்ளத்தின் தோலைக் காப்பது சிறிய காரியமன்று.

நந்திக்கடலுக்குள் வள்ளத்தைக் கட்டி வைப்பவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. கடற்பக்கத்து மணலையும் களப்பையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. வட்டுவாகல் பக்கத்து வாய் மணல் திட்டால் மூடிக் கிடக்கும் மாதங்களில், நந்திக்கடலுக்குள் விழுந்த எதுவும் வெளியே போக வழியில்லை. மாரி வெள்ளம் வந்து வாய் திறக்கும் வரை அந்த ஆழமற்ற நீர் ஒரு பாத்திரத்து நீர்தான். கோடையில் அது வற்றிச் சுருங்கச் சுருங்க, அதில் கலந்தது செறிவடையும். அங்கே இறால் வளர்கிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. களப்பில் கிடந்த வள்ளத்தை அடிப்பாகம் சுரண்டும்போது தரைக்கு, நல்ல தொலைவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அத்துடன், நாயாற்றுக்கோ கொக்கிளாய்க்கோ வள்ளத்தை மாற்றும்போது, புறப்படும் இடத்திலேயே சுரண்டிக் காயவிட்டுப் பின்னர் கொண்டு செல்லுங்கள். ஒரு களப்பின் ஒட்டுயிரை மற்றொரு களப்புக்குச் சுமந்து செல்லும் வாகனம் படகின் அடிப்பாகமே. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பக் கடலில் பிறந்த ஒரு சிறிய கருமட்டி, 1967இல் விசாகப்பட்டினத் துறைமுகத்தில் காணப்பட்டு, பின்னர் கேரளக் காயல்களிலும் பரவியிருக்கிறது.

கேள்வி (கிளிநொச்சியிலிருந்து ஒரு மாணவி): கப்பல்களுக்குப் பூசும் பூச்சு ஒன்று உலகம் முழுவதும் தடை செய்யப்பட்டது என்று படித்தேன். அது எது? ஏன் தடை செய்தார்கள்?

பதில்: டிரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த பூச்சு அது. கொட்டலசைத் தடுப்பதில் அதற்கு இணையான மருந்து இருந்ததில்லை. அதனால் 1970களில் சிறு படகுகள் வரை அது பரவியது. பிரான்ஸின் மேற்குக் கரையில் ஆர்க்கஷோன் என்ற குடா உண்டு. சிப்பி வளர்ப்பையே நம்பி வாழும் அந்த ஊரில், சிப்பிக் குஞ்சுகள் பிழைக்காமல் போயின. பிழைத்தவற்றின் ஓடுகள் தடித்துக் கோணின. கட்டிக் கிடந்த படகுகளின் பூச்சே காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். வேறு இடங்களில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்து, அவை முட்டையிட முடியாமல் அற்றுப்போவதும் தெரியவந்தது. நீரில் மிக மிகச் சிறிய அளவே இருந்தாலும் இது நிகழ்ந்தது என்பதுதான் அனைவரையும் திடுக்கிட வைத்தது. 1982இல் பிரான்ஸ், 25 மீற்றருக்குக் குறைந்த படகுகளில் அதைத் தடுத்தது. 1987இல் பிரித்தானியாவும் அவ்வாறே செய்தது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001இல் அதைத் தடை செய்யும் உடன்படிக்கையை நிறைவேற்றி, அது 2008 செப்ரெம்பர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. செம்போடு துணை நச்சாகச் சேர்க்கப்பட்ட சைபுட்ரைன் என்ற மற்றொரு மருந்தும் அதே உடன்படிக்கையின் கீழ் 2023 ஜனவரி 1 முதல் விலக்கப்பட்டிருக்கிறது.

நீங்கள் கவனிக்க வேண்டியது, முதலில் குரல் எழுப்பியவர்கள் சிப்பி வளர்த்தவர்கள் என்பதை. பூநகரிக் கரையில் இன்று கடலட்டையும் கடற்பாசியும் வளர்க்கிறார்கள். உங்கள் ஊர்க் கடலில் என்ன கலக்கிறது என்று கேட்கும் உரிமையும் தேவையும் அந்தக் குடும்பங்களுக்கு உண்டு. விஞ்ஞானம் படிக்கும் உங்களைப் போன்றவர்கள் அவர்களோடு சேர்ந்து கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கேள்வி (அளம்பிலிலிருந்து ஒரு தாய்): கணவர் பழைய மர வள்ளத்தை வளவுக்குள் கொண்டுவந்து, அரத்தாளால் தேய்த்துப் பூச்சுக்கு ஆயத்தம் செய்கிறார். பிள்ளைகள் அந்தத் தூசியில்தான் விளையாடுகிறார்கள். சொன்னால், கடலுக்குப் போடாமல் வீட்டுக்குத்தானே கொண்டுவந்தேன் என்கிறார். மிச்சத்தை என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

பதில்: கடலுக்குப் போடாமல் விட்டதில் உங்கள் கணவர் செய்தது சரி. வளவுக்குள் தேய்ப்பது பெரும் தவறு, தங்கையே. பழைய மர வள்ளங்களின் பூச்சில் ஈயம் கலந்திருக்கக்கூடும். முன்பு பூசிய செந்தூரப் பூச்சு ஈயமேதான். ஈயத் தூசி சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. இன்றே தேய்ப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். வளவில் விழுந்த தூசியை விளக்குமாற்றால் கூட்டாமல், முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, மேல்மண்ணோடு சேர்த்து அள்ளி எடுங்கள். கிணற்றடியில் மிகவும் கவனம். உங்கள் பக்கத்து மணற்றரையில் மேலே ஊற்றியது கீழே கிணற்று நீரில் சேர நெடுநாள் எடுக்காது.

வேலையைத் தொடர்வதானால் வீட்டிலிருந்தும் கிணற்றிலிருந்தும் தண்ணீர்க்கரையிலிருந்தும் விலகிய இடத்தில், தறப்பாள் விரித்து, அரத்தாளை நனைத்து ஈரமாகவே தேய்க்க வேண்டும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டினால் மட்டும் போதாது. தூசி வடிக்கும் முகக்கவசம் வேண்டும். அள்ளிய தூளையும் பூச்சுச் செதிலையும் எரிக்கக் கூடாது. எரித்தால் நச்சு புகையாகும். கடற்கரையில் புதைக்கவும் கூடாது. மாரிக் கடல் மணலை அரித்து வெளியே எடுத்துவிடும். அவற்றைக் காய்ந்த நிலையில் மூடியுள்ள தகரத்தில் போட்டு, மேலே என்னவென்று எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தகரத்தில் எஞ்சிய பூச்சை அடுத்த படகுக்காரருக்குக் கொடுத்து முடித்துவிடுவது நல்லது. தூரிகை கழுவிய தின்னரை ஒரு போத்தலில் தெளியவிட்டு, மேல்நீரைத் திரும்பப் பயன்படுத்தலாம்.

கணவர் உறுப்பினராக உள்ள கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில், துறைக்கு ஒரு மூடிய பீப்பா வைத்து எல்லோருடைய கழிவையும் ஒன்றாகச் சேர்க்கும்படியும், அதை அகற்றுவதற்குப் பிரதேச சபையிடமும் கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகாரசபையிடமும் எழுத்தில் கேட்கும்படியும் சொல்லுங்கள். 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசடைதல் தடுப்புச் சட்டம் இருக்கும் நாட்டில், கடலை மாசாக்காமல் இருக்க வழி செய்து தாருங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. சங்கம் கேட்கத் தயங்கினால் மாதர் சங்கத்தின் பெயரில் நீங்களே எழுதலாம். கணவர் வேலை முடித்து வந்ததும் அந்த உடுப்போடு பிள்ளைகளைத் தூக்க விடாதீர்கள். உடுப்பை வெளியிலேயே மாற்றி, மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவைத்து, அந்தத் தண்ணீரையும் கிணற்றடிக்குத் தொலைவில் ஊற்றுங்கள்.